மூடிய பிரவுசர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால்: எங்கள் ஆன்லைன் சென்டர் அனுபவம்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் இரண்டும் செய்து தரும் கடை எங்களுடையது. பட்டா, வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, பேன் கார்டு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று காலையிலிருந்து இரவு வரை ஒரே கணினியில் யார் யாருடைய கணக்குகளையோ திறந்து மூடுகிறோம். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில் பிரவுசர் முழுதாக மூடியிருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் அது மூடாமல் உள்ளே ஓடினால் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எங்களிடம் அப்படி ஓடினால் முன்னால் வந்தவருடைய மின்னஞ்சல் பின்னால் வந்தவர் கண்ணில் படும். அதனால் இந்தத் தொல்லையை அடிவரை போய்ப் பார்த்தேன். இதேபோல் ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும் கடையோ, பள்ளியோ, நூலகமோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

தொல்லை வந்தது கடையின் பழைய கணினியில். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், சுழலும் வகை ஹார்டு டிஸ்க். பிரவுசர் ஃபயர்பாக்ஸ். ஒருவர் வேலை முடிந்து மூடிவிட்டு, அடுத்தவருக்காக உடனே திறந்தால் ஜன்னல் வராது. பதிலுக்குச் சின்னப் பெட்டி ஒன்று வரும்: ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை, முதலில் அதை மூடுங்கள் அல்லது கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று. திரையில் ஃபயர்பாக்ஸ் எங்கேயும் இல்லை. எதை மூடுவது? விண்ணப்பத்தின் கடைசி நாளில் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இந்தப் பெட்டி வந்தால் கை பதறும். கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி "அக்கா, மறுபடியும் அதே பெட்டி" என்பான். நான் சொல்வதற்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் ஃபயர்பாக்ஸைத் தேடி, 'எண்ட் டாஸ்க்' கொடுத்துவிடுவான். பிரவுசரும் திறந்துவிடும். வேலை நடந்தது, யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அப்படி முடித்துவிட்டுத் திறந்தபோது, முந்தைய வாடிக்கையாளரின் டேப்கள் தாமாகவே திரும்பி வந்தன. அவருடைய கணக்கு உள்நுழைந்த நிலையிலேயே இருந்தது. அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற அந்த 'எண்ட் டாஸ்க்' எங்கள் மாதிரி இடத்தில் எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

காரணம் இது. ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்வரை, என்னென்ன டேப் இருக்கிறது என்பதை ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. மின்சாரம் போனாலோ புரோகிராம் விழுந்தாலோ மறுபடி எடுத்துக் கொடுப்பதற்காக. அந்தக் குறிப்போடு, அந்த நேரத்துக்கு மட்டுமான குக்கிகளும் (நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் விடும் சின்னத் தரவுகள்) சேர்ந்தே இருக்கும். நாம் நடுவில் கொன்றால், எந்தக் கட்டத்தில் கொன்றோம் என்பதைப் பொறுத்து, அது அதை விபத்தாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை திறக்கும்போது நல்ல எண்ணத்தோடு பழையதை எல்லாம் மீட்டுக் கொடுக்கும். வீட்டில் அது உதவி. பலர் உட்காரும் கணினியில் அது கசிவு.

சரி, கொல்லாமல் என்ன செய்வது? முதலில் அது ஏன் ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஒரே பிரவுசர் பத்துப் பதினைந்து வரிகளில் நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள், வைரஸ் என்றுகூட நினைக்கிறார்கள். அது சாதாரணம்தான். 2008இல் குரோம் வந்தபோதே டேப்களைத் தனித்தனி இயக்கங்களாக (ப்ராசஸ்) பிரித்து ஓட்டும் முறையோடு வந்தது. ஒரு பக்கம் விழுந்தால் மற்றவை பிழைக்க வேண்டும் என்பது நோக்கம். ஃபயர்பாக்ஸ் 2016இல் 48ஆம் பதிப்பிலிருந்து மெல்ல அந்த வழிக்கு வந்தது. ஆக, வரிகளின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். அவற்றில் ஒன்றுதான் தாய். மற்றவை அதன் பிள்ளைகள். தாய் போனால் பிள்ளைகளும் போய்விடும். தாய் ஏன் போகவில்லை என்பது மட்டுமே கேள்வி.

தாயைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' என்பதில் 'கமாண்ட் லைன்' என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டளையோடு தொடங்கியது என்று தெரியும். ஃபயர்பாக்ஸின் பிள்ளைகள் எல்லாவற்றிலும் 'கன்டென்ட்ப்ராக்' என்று ஒரு குறிப்பு இருக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் பிள்ளைகளின் வரியில் 'டைப்' என்று போட்டு அது என்ன வகை என்று எழுதியிருக்கும். அந்தக் குறிப்பு இல்லாத குட்டையான வரிதான் தாய். இந்த ஒரு நெடுவரிசையைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகு எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இப்படிப் பார்த்ததில் முதலில் வெளிப்பட்டது, எங்கள் தொல்லைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. கடை சும்மா இருக்கும் நேரத்தில்கூட சில வேளை ஃபயர்பாக்ஸ் பட்டியலில் வந்து, சில நிமிஷம் இருந்து, போய்விடும். அதன் கட்டளை வரியில் 'பேக்ரவுண்ட்டாஸ்க்' என்று இருந்தது. அது புதுப்பிப்பு தேடும் வேலை. 2021இல் வந்த 90ஆம் பதிப்பிலிருந்து, விண்டோஸில் பிரவுசர் மூடியிருக்கும்போதும் புதுப்பிப்பைப் பார்த்து இறக்கிக்கொள்ள இந்த ஏற்பாடு இருக்கிறது. இது இருப்பது நல்லது. பழைய பதிப்போடு பொதுக்கணினி ஓட்டுவது இன்னும் பெரிய ஆபத்து. வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஃபயர்பாக்ஸ் அப்டேட்ஸ் பகுதியில் இதற்கான டிக்கை எடுத்துவிடலாம். நான் எடுக்கவில்லை.

அடுத்து உண்மையான தொல்லை. பெட்டி வந்தபோது யாரையும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம். ஆனால் மூடும் வேலை நடுவில் நின்றுபோனால் ஒரு நிமிஷம் போலப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் காவல் ஒன்று ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் காத்திருப்பதே ஒரு பரிசோதனை. சில விநாடியில் போய்விட்டால், மூடும் வேலை மெதுவாக நடக்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிஷம் தாண்டும் இடத்தில் விழுந்தால், உள்ளே ஏதோ ஒன்று முட்டி நிற்கிறது. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட், முக்காற்புள்ளி, கிராஷஸ் என்று இடைவெளி விடாமல் அடித்தால் அதற்கான பதிவு பெரும்பாலும் அங்கே இருக்கும். எவ்வளவு நேரமானாலும் போகவே இல்லை என்றால், பிரவுசருக்கு வெளியே தேட வேண்டும்.

எங்களுடையது முதல் வகை. கொஞ்சம் இழுத்து, பிறகு தானாகப் போயிற்று. அதுவரை யாரும் அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க 'ரிசோர்ஸ் மானிட்டர்' உதவியது. விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். அதில் 'டிஸ்க்' பகுதியில் ஃபயர்பாக்ஸின் பெயரை டிக் செய்தால், எந்தெந்தக் கோப்பைத் தொடுகிறது என்று முழுப் பாதையோடு காட்டும். பார்த்தால், புரொஃபைல் போல்டருக்குள் (பிரவுசர் நம் அமைப்புகளையும் தரவையும் வைக்கும் இடம்) 'ஸ்டோரேஜ்' என்ற இடத்திலும், இடைச்சேமிப்புப் பகுதியிலும் கோப்பு கோப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. மூடும்போது வரலாறு, குக்கி, தளங்களின் சேமிப்பு எல்லாவற்றையும் அழித்துவிடு என்று நாங்களே அமைத்திருக்கிறோம். வாடிக்கையாளர்களின் பாதுகாப்புக்காக வைத்த அமைப்பு அது. பிரவுசர் மூடாமல் அடம்பிடிக்கவில்லை. நாங்கள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கில், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்க அதற்கு நேரம் பிடித்தது.

இதில் எனக்கு மனசு உறுத்துகிற பகுதி எதுவென்றால், அந்த நேரத்தில் 'எண்ட் டாஸ்க்' கொடுப்பது அழிப்பு வேலையைப் பாதியில் வெட்டுவது. அடுத்த முறை திறக்கும்போது மிச்சத்தை முடிக்க ஃபயர்பாக்ஸ் முயலும் என்பது உண்மை. ஆனால் அதுவரை அடுத்தவர் தரவு டிஸ்க்கில் கிடக்கிறது. இரவு கடையை அடைக்கும்போது கடைசியாக ஒருமுறை அப்படிச் செய்துவிட்டுப் போனால், விடியும்வரை கிடக்கிறது. எந்த அமைப்பைப் பாதுகாப்புக்காக வைத்தோமோ, அதை அவசரம் தோற்கடிக்கிறது.

மூடும் நேரத்தை இன்னும் நீட்டிய ஒன்றும் அதே ரிசோர்ஸ் மானிட்டரில் தெரிந்தது. ஃபயர்பாக்ஸ் தொட்ட ஒவ்வொரு கோப்பையும் பின்னாலேயே வந்து இன்னொரு புரோகிராம் படித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தன. ஒன்று நாங்கள் போட்டது; மற்றொன்று ஏதோ இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒரே கோப்பைச் சோதித்தால், பழைய டிஸ்க்குக்கு மூச்சு முட்டும். ஒட்டி வந்ததை எடுத்தேன். உங்கள் கணினியில் பிரவுசர் மட்டும் அல்லாமல் எல்லாமே மூடவும் திறக்கவும் இழுத்தால், இதைத்தான் முதலில் பாருங்கள்.

பிறகு மதிய இடைவேளையில், வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த சேமிப்பு முழுவதையும் கையால் ஒருமுறை அழித்து, முடியும்வரை அப்படியே விட்டேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் அழிக்க வேண்டியது அன்றைய ஒரு ஆளுடையது மட்டும்தான். மூடும் நேரம் நன்றாகவே குறைந்தது. சில மாதம் கழித்து ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டபோது அந்தப் பெட்டி வருவதே நின்றுபோனது. பழைய கணினிக்குச் செலவு செய்ய ஒரே ஒரு தடவைதான் பணம் இருக்கிறது என்றால், என் யோசனை எஸ்எஸ்டிதான்.

எங்களுக்குக் காரணம் இது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்; அதைப் பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் மூடிய பிறகு தாய் இயக்கத்தைக் கவனியுங்கள். டிஸ்க் வேலை ஓடுகிறதென்றால் அது எழுதுகிறது அல்லது அழிக்கிறது, விடுங்கள். டிஸ்க் சும்மா இருந்து சிபியு மட்டும் ஏறி நின்றால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன புரோகிராம்) பக்கமோ சுழன்றுகொண்டிருக்கிறது. இரண்டும் பூஜ்யம், ஆனாலும் போகவில்லை என்றால் அது வேறு எதற்கோ காத்து நிற்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பகுதியில் அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுத்தால், எதற்காக நிற்கிறது என்று சில சமயம் நேராகவே காட்டிவிடும்.

எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகம் என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஃபயர்பாக்ஸைத் திறங்கள். 'ட்ரபிள்ஷூட் மோட்' கேட்கும். அதில் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அணைந்திருக்கும். அந்த நிலையில் ஒழுங்காக மூடினால் காரணம் எக்ஸ்டென்ஷன்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த மோடில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனும் (திரையில் வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது) சேர்ந்தே அணைகிறது. டிஸ்ப்ளே டிரைவர் பழசாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். அதனால் சாதாரண நிலைக்குத் திரும்பி, செட்டிங்ஸில் ஆக்சிலரேஷனை மட்டும் அணைத்து ஒரு தடவை, எக்ஸ்டென்ஷன்களை மட்டும் அணைத்து ஒரு தடவை பாருங்கள். எக்ஸ்டென்ஷன்தான் என்றால் பாதியை அணைத்து, பாதியை வைத்து என்று போனால் சீக்கிரம் அகப்படும். ஒன்றும் அகப்படவில்லை என்றால், அபவுட் முக்காற்புள்ளி புரொஃபைல்ஸ் பக்கத்தில் புது புரொஃபைல் ஒன்று உருவாக்கி அதில் சோதியுங்கள். புதியது சரியாக மூடினால் பழைய புரொஃபைலில்தான் கோளாறு. அபவுட் முக்காற்புள்ளி சப்போர்ட் பக்கத்தில் உள்ள 'ரிஃப்ரெஷ்' புக்மார்க், கடவுச்சொற்களை வைத்துக்கொண்டு எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிடும்.

'பேரன்ட் டாட் லாக்' கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்தக் கோப்புதான் புரொஃபைலின் பூட்டு. விண்டோஸில் அந்தப் பூட்டு ஓடிக்கொண்டிருக்கும் இயக்கத்தின் கையில் இருக்கிறது. இயக்கம் உயிரோடு இருந்தால் விண்டோஸ் அதை அழிக்கவே விடாது. இயக்கம் போய்விட்டால் அந்தக் கோப்பு கிடந்தாலும் எதையும் தடுக்காது. ஆக, பெரும்பாலும் அந்த வழியால் பயனில்லை. லினக்ஸில், அதுவும் பயனர் போல்டர் நெட்வொர்க்கில் இருக்கும் அலுவலகங்களில், பழைய பூட்டு ஒட்டிக்கொண்டு நிற்பது நடக்கும். அங்கேயும், வேறு எந்தக் கணினியிலும் அதே புரொஃபைல் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழிக்க வேண்டும். ஒரே புரொஃபைலை இரண்டு பிரவுசர்கள் ஒன்றாக எழுதினால் அதன் தரவுத்தளங்கள் கெட்டுப்போகும். பூட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான்.

இதுவரை சொன்னது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொண்ட கோளாறு. சத்தமே போடாத ஒன்று கடையின் இன்னொரு கணினியில் இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் மோசமானது.

அங்கே வேறொரு பிரவுசர். மூடும், உடனே திறக்கும், பெட்டி கிட்டி எதுவும் வராது. ஒரு பெண் ஏதோ தேர்வுக்கான அனுமதிச் சீட்டை மின்னஞ்சலில் இருந்து எடுத்துக்கொண்டு, ஜன்னலைத் தன் கையாலேயே மூடிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் அதே மின்னஞ்சல் தளத்துக்குப் போனதும் அந்தப் பெண்ணின் இன்பாக்ஸ் விரிந்தது. நல்ல மனிதர், "மேடம், இது வேற யாரோடதோ" என்று உடனே கூப்பிட்டார். எல்லா நாளும் நல்ல மனிதரே வருவார் என்று கடை நடத்த முடியாது.

ஜன்னல் போனாலும் பிரவுசர் போகவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன மேல் அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே அதன் ஐகான் உட்கார்ந்திருந்தது. எப்போதோ யாரோ போட்ட ஒரு எக்ஸ்டென்ஷன், பின்னணியில் ஓட அனுமதி வாங்கி வைத்திருந்தது. அதற்காக முழு பிரவுசரும் விழித்திருந்தது. இணையத்தளங்கள் தரும் குக்கிகளில் ஒரு வகை, பிரவுசர் முடியும்போது சாக வேண்டியது. கணக்கில் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைப்பது பல தளங்களில் அந்த வகைதான். பிரவுசர் முடியாவிட்டால் அந்தக் குக்கியும் சாகாது. வாடிக்கையாளர் ஜன்னலை மூடினார், தன் பங்குக்குச் சரியாகத்தான் செய்தார்.

குரோமில் இதற்கான இடம்: செட்டிங்ஸ், சிஸ்டம், 'குரோம் மூடிய பிறகும் பின்னணி ஆப்கள் ஓடட்டும்' என்ற பொருளில் உள்ள சுவிட்ச். அதை அணையுங்கள். எட்ஜிலும் அதே போன்ற சுவிட்ச் 'சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் இருக்கிறது. அதனருகிலேயே 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்று ஒன்றும் உண்டு; 2021இல் வந்தது. பிரவுசர் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக அதன் அடிப்படை இயக்கங்களைக் கணினி தொடங்கும்போதே எழுப்பி வைப்பது அதன் வேலை. எட்ஜைத் தொடவே இல்லை, ஆனாலும் டாஸ்க் மேனேஜரில் நிற்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான். 4 ஜிபி கணினியில் அதை அணைத்துவிடுவது நல்லது. காலையில் கணினியைப் போட்டதும் பிரவுசர் தானாகவே எழுந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' போய்ப் பாருங்கள். முன்பு திறந்திருந்த ஆப்களைச் சேமித்து மறுபடி தொடங்கும் சுவிட்ச் அங்கே இருக்கும். பொதுக்கணினியில் அதுவும் வேண்டாம். பிரவுசரின் தொடக்க அமைப்பில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பதும் கட்டாயம் வேண்டாம். மூடிய கணக்கை அது மறுபடி திறந்து வைத்துவிடும்.

இன்னும் எளிதாக ஏமாற்றும் ஒன்று உண்டு. பெருக்கல் குறி அந்த ஒரு ஜன்னலை மட்டும்தான் மூடும். வேறொரு ஜன்னல் மினிமைஸ் ஆகியோ, விண்டோஸ் கீயும் டேபும் சேர்த்து அழுத்தினால் தெரியும் இன்னொரு டெஸ்க்டாப்பிலோ கிடக்கலாம். பிரைவேட் ஜன்னலிலும் இதே கதை. பிரைவேட் ஜன்னல்கள் எல்லாமே ஒரே குக்கிப் பையைப் பங்கிட்டுக்கொள்கின்றன; அவற்றில் கடைசி ஒன்று மூடும்வரை எதுவும் அழியாது. பிரைவேட்டில்தானே பார்த்தேன் என்ற நம்பிக்கையோடு ஒருவர் எழுந்து போகும்போது, கீழே ஒன்று சுருங்கிக் கிடக்கக்கூடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஜன்னலை மூடுவதும் பிரவுசரை முடிப்பதும் வேறு வேறு என்பது முதலிலிருந்தே உள்ள வழக்கம்; டாக்கில் ஐகானுக்குக் கீழே புள்ளி இருந்தால் ஓடுகிறது, கமாண்ட் கீயோடு கியூ அழுத்தினால்தான் முடியும். விண்டோஸிலும் மெனுவுக்குள் 'எக்ஸிட்' என்று இருக்கிறது. கடையில் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கடைசியில் வேலை முறையையே கொஞ்சம் மாற்றினோம். ஒவ்வொரு ஆளுக்கும் பிரவுசரை முழுதாக மூடித் திறப்பதை விட்டோம். வெற்றுப் பக்கத்தோடு சாதாரண ஜன்னல் ஒன்று எப்போதும் நிற்கும். வாடிக்கையாளருக்குப் புதிதாகப் பிரைவேட் ஜன்னல் ஒன்று. அவர் எழுந்ததும் அதை மூடினால் அவருடைய குக்கிகள் போய்விடும், பிரவுசர் மூடக் காத்திருக்கும் நேரமும் மிச்சம். ஃபயர்பாக்ஸ் விபத்து மீட்புக்காக எழுதும் குறிப்பிலும் பிரைவேட் டேப்கள் சேராது. அதனால் நடுவில் மின்சாரம் போனாலும், அடுத்தவர் முன் பழைய டேப்கள் வந்து நிற்காது. மூடும் முன் ஒரே ஒரு தடவை பார்ப்போம்: வேறு பிரைவேட் ஜன்னல் ஏதும் கிடக்கிறதா என்று. இரவில் முழுதாக எக்ஸிட் கொடுத்து, டாஸ்க் மேனேஜரில் தாய் போனதைப் பார்த்த பிறகே கணினியை அணைப்போம்.

அதற்காக 'எண்ட் டாஸ்க்' தொடவே கூடாது என்று இல்லை. டிஸ்க், சிபியு இரண்டும் அசையாமல் நிமிஷக்கணக்கில் நின்றால் கொல்லத்தான் வேண்டும். அப்போது பிள்ளை இயக்கங்களை ஒவ்வொன்றாகக் கொல்லாமல், 'டீடெய்ல்ஸ்' பகுதியில் தாயின் மேல் ரைட் கிளிக் செய்து 'எண்ட் ப்ராசஸ் ட்ரீ' கொடுங்கள். இறங்கிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் போகும், அது தெரிந்தே செய்யுங்கள். மறுபடி திறப்பதை வாடிக்கையாளர் முன்னால் செய்யாமல் நீங்களே செய்யுங்கள். பழைய டேப்கள் வந்தால் மூடிவிட்டு, பிறகு இடம் கொடுங்கள். ஃபயர்பாக்ஸில் அபவுட் முக்காற்புள்ளி கான்ஃபிக் பக்கத்தில் 'ரெஸ்யூம் ஃப்ரம் கிராஷ்' என்று தேடினால் வரும் அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டால் அந்த மீட்பே நடக்காது. எங்கள் கணினிகளில் ஆக்கி வைத்திருக்கிறோம்.

எங்களைப் போன்ற கடைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு விஷயம். கடைக்காரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஜன்னலை மூடுவதை நம்பாமல் 'லாக் அவுட்' கொடுத்துவிட்டு எழுங்கள். லாக் அவுட் அந்தத் தளத்தின் பக்கத்திலேயே உங்கள் நுழைவை முடிக்கிறது. பிரவுசர் மூடினாலும் மூடாவிட்டாலும் கவலையில்லை. மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால், கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும், போனிலிருந்தே கடைக் கணினியை வெளியேற்றலாம். வாட்ஸ்அப்பை வெப்பில் திறந்து பிரின்ட் எடுக்கிறவர்கள் நிறையப் பேர்; போனில் 'லிங்க்டு டிவைசஸ்' என்பதில் போய் அதை எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கடைக்காரரை நேராகக் கேளுங்கள், முழுதாக மூடிக் காட்டச் சொல்லுங்கள். அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை.

பிரவுசர் சரியாக மூடினாலும் தீராத ஒன்று டவுன்லோட்ஸ் போல்டர். பிரைவேட் ஜன்னலில் இறக்கினாலும் ஆதார் நகலும் மதிப்பெண் சான்றும் அந்தப் போல்டரில் அப்படியே இருக்கும். பிரின்ட் எடுத்ததும் அவர் கண் முன்னாலேயே ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி அழிக்கிறோம், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் இருக்க. இதைத் தம்பி நான் சொல்லாமலே செய்ய ஆரம்பித்துவிட்டான்.